ஒரே மரம் நட்ட ஊர்கள்

நகரசபைகள் எண்ண வேண்டியது கன்றுகளையா, மர வகைகளையா?

2022 ஜூன் 30. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்கு மேற்கே இருக்கும் சிறு நகரம் ஃபாரஸ்ட் குரோவ். மக்கள்தொகை சுமார் 26,000. அங்கே ஒரு தொடக்கப் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் ஆஷ் மரங்கள் வாடி நின்றன. கோடை முகாமிலிருந்து பிள்ளைகளை அழைத்துப்போக வந்த உயிரியலாளர் ஒருவர் அவற்றைக் கவனித்தார். பட்டையில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் துளைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. மரகதப் பச்சையில் மின்னும் ‘எமரால்ட் ஆஷ் போரர்’ என்ற வண்டு வெளியேறிய வழி அது. ஆசியாவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2002-ல் டெட்ராய்ட் பகுதியில் கண்டறியப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் அது தென்பட்டது அன்றுதான் முதல் முறை.

ஓரிகனில் உள்ளாட்சிகளின் நிதியாண்டு முடிவதும் ஜூன் 30-ல்தான். புதிய பட்ஜெட்டை அதற்குள் நிறைவேற்றிவிட வேண்டும். ஒதுக்கீடெல்லாம் முடிவாகும் நாளில்தான் வண்டு வெளிச்சத்துக்கு வந்தது.

ஆனால் அது அன்று வந்ததல்ல. பட்டை இடுக்கில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, பட்டைக்கு அடியில் நெளிநெளியாகக் குடைந்துகொண்டே போகிறது. இலையில் தயாராகும் உணவு கீழே இறங்கும் பாதை அறுபடுகிறது. வெளியே அறிகுறி தெரிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஒரு கவுன்சிலரின் பதவிக்காலமே முடிந்துவிடக்கூடும்.

இலக்குப் பட்டியலில் மரம்

அமெரிக்கச் சிறு நகரங்கள் பலவற்றில் மேயரும் கவுன்சிலர்களும் நகர மேலாளரோடு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, வரும் ஆண்டுகளுக்கான இலக்குகளை முடிவுசெய்கிறார்கள். சாலை, குடிநீர், வீட்டுவசதி, காவல் என்று பட்டியல் நீளும். அதைப் பார்த்துத்தான் பட்ஜெட் எழுதப்படுகிறது. பட்டியலில் இல்லாத வேலைக்குப் பணமும் ஆளும் கிடைப்பது அரிது. மரம் என்று வந்தால், ‘இத்தனை கன்றுகள் நடுவோம்’ என்ற எண்ணிக்கை எழுதவும் எளிது, மேடையில் சொல்லவும் எளிது. அந்த எண்ணிக்கை மட்டும் ஊரைக் காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்கத் தெருக்களே சாட்சி.

ஒரு காலத்தில் அங்கே தெரு மரம் என்றால் எல்ம். இருபுறமும் ஓங்கி வளர்ந்து, மேலே கைகோத்துப் பந்தலிடும். ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எல்ம் தடிகளோடு ஒரு பூஞ்சை வந்து சேர்ந்தது. 1930-ல் ஒஹாயோவில் ‘டச் எல்ம்’ நோய் கண்டறியப்பட்டது. பட்டை வண்டுகள் பூஞ்சையை மரத்துக்கு மரம் சுமந்தன. வரிசையாக நட்ட மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால், அந்த வழியாகவும் நோய் பரவியது. நீர் ஏறும் குழாய்கள் அடைபட்டு, கோடையிலேயே இலை மஞ்சளித்துக் கருகியது. மினியாபொலிஸ் நகரம் 1977-ல் மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட எல்ம் மரங்களை இழந்தது.

வெறிச்சோடிய தெருக்களில் பல ஊர்கள் எதை நட்டன? வேகமாக வளரும், எந்த மண்ணையும் தாங்கும் ஆஷ் மரத்தை. மறுபடியும் வரிசை வரிசையாக. எல்மைக் கொன்றது நோய், ஆஷைக் கொல்வது பூச்சி. இரண்டுக்கும் வழிவிட்டது, ஒரே வகையை ஊர் முழுக்க நட்ட அந்த முடிவு.

பத்து, இருபது, முப்பது

அமெரிக்க தேசிய மரப்பூங்காவின் ஆய்வாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990-ல் ஓர் எளிய வரம்பு சொன்னார். ஊர் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; ஒரே பேரினம் 20 சதவீதத்தை; ஒரே குடும்பம் 30 சதவீதத்தை. கவுன்சில் கூட்டத்தில் வைத்து ஆண்டுதோறும் சரிபார்க்கக்கூடிய இலக்கு இது.

‘ட்ரீ சிட்டி யுஎஸ்ஏ’ என்ற அங்கீகாரம் பெற ஓர் ஊருக்கு நான்கு நிபந்தனைகள்: மரங்களுக்குப் பொறுப்பான குழு அல்லது துறை, மரப் பாதுகாப்பு விதி, தலைக்கு இரண்டு டாலர் செலவு, ஆண்டுக்கொரு மர விழா. நல்ல தொடக்கம்தான். ஆனால் எந்த வகையை எவ்வளவு நடலாம் என்பதை இந்த நான்கும் சொல்வதில்லை. அதை ஊர்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓரிகன் ஒன்றைச் சரியாகச் செய்தது. வண்டு கண்ணில் படுவதற்கு முன்பே, 2021-ல் எதிர்கொள்ளும் திட்டத்தை வெளியிட்டது. ஓடைகளுக்கு நிழல் தந்து சால்மன் மீன்களுக்குத் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும் ஓரிகன் ஆஷ் மரத்தின் விதைகளையும் சேகரித்து வைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கு முன்கூட்டியே செலவழிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

சிறு நகரசபையும் இதைச் செய்யலாம். முதலில், தெருவாரியாக மரக் கணக்கெடுப்பு. எங்கே, என்ன வகை, என்ன நிலை என்ற பதிவு. அடுத்து, காக்க வேண்டிய ஆஷ் மரங்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிமரத்தில் மருந்து செலுத்த நிதி. காப்பாற்ற முடியாதவற்றைக் காலத்தோடு வெட்டுவது. செத்த ஆஷ் சீக்கிரம் நொறுங்கும் என்பதால், தள்ளிப்போடப் போட ஆபத்தும் கூடும், செலவும் கூடும். அந்த இடத்தில் வேறு வேறு வகைகளை நடுவது.

கன்று எண்ணிக்கையை ஒரே மழைக்காலத்தில் எட்டிவிடலாம். 10 சதவீத வரம்பை எட்டப் பல சபைகள் மாறிமாறி ஒரே தீர்மானத்தில் நிற்க வேண்டும். அதனால்தான் அது வாக்குறுதியாக அல்ல, விதியாக எழுதப்பட வேண்டும். அடுத்த இலக்குக் கூட்டத்தில் அந்த வரம்பைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை, அந்த நிழலில் நடக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.