குளிருக்கு ஓர் அடுப்பு: வாங்கலாமா, வேண்டாமா?

மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிறவர்கள் நாம். செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த என்னை, 2005-ல் கல்யாணம் முடிந்த கையோடு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹாம்ப்ஷையருக்கு அழைத்து வந்துவிட்டார் என் கணவர். இங்கே ஜனவரி இரவுகளில் சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை போய்விடும். அரிசி பருப்புக்கு அடுத்தபடியாக, வீட்டைச் சூடாக வைத்திருப்பதுதான் குடும்பச் செலவில் பெரிய செலவு.

எங்கள் வீட்டின் நிலவறையில் எண்ணெயில் எரியும் கொதிகலன் ஒன்று இருக்கிறது. அதில் காயும் வெந்நீர், குழாய் வழியே அறை அறையாக ஓடிச் சூடு கொடுக்கும். 2022-ல் அந்த எண்ணெய் காலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. (ஒரு காலன் என்பது 3.8 லிட்டர்.) அதிலிருந்தே இவருக்கு ஒரே ஆசை, பெல்லட் ஸ்டவ் வாங்க வேண்டும் என்று. போன வருஷம் மாமியார் குளிர்காலத்தில் வந்து தங்கப் போகிறார் என்றதும் ஆசை அவசரமாகிவிட்டது.

"அம்மாவுக்கு 74 வயசு. இந்தக் குளிரை எப்படித் தாங்குவாங்க? ஹாலில் ஒரு ஸ்டவ் வெச்சுட்டா கதகதன்னு இருக்கும்" என்றார்.

"கடைக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன்.

பாட்டி வீட்டு அடுப்பு

கடையில் அந்தப் பெல்லட்டைக் கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கக் கோழித் தீவனம் மாதிரி இருந்தாலும், அது வேறொன்றுமில்லை, நம்ம மரத்தூள்! மரத்தூளை உலர்த்தி, அழுத்தத்தில் சின்னச் சின்ன உருளையாகச் செய்கிறார்கள்.

செங்கோட்டையில் பாட்டி வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சாமில்லில் வாங்கி வந்த தூளைச் சுற்றிலும் கெட்டியாக இடித்து, பாட்டிலை மெள்ள உருவி எடுப்பார் பாட்டி. கீழே உள்ள துவாரத்தில் பற்ற வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். அங்கே பாட்டி கையால் செய்ததை இங்கே மோட்டார் செய்கிறது. மேலே தொட்டியில் பெல்லட்டைக் கொட்டிவிட்டால், ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாக அதை நெருப்புக்குத் தள்ளும். விசிறி சூட்டை அறைக்குள் வீசும். புகை குழாய் வழியாக வெளியே போய்விடும்.

கணக்கு நோட்டு சொன்னது

வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டை எடுத்தேன். ஸ்டவ், குழாய், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 5,500 டாலர் என்றார்கள். பெல்லட் ஒரு டன் 380 டாலர். டன் என்றால் 18 கிலோ மூட்டை 50. ஒரு டன் ஏறக்குறைய 120 காலன் எண்ணெய்க்குச் சமமான சூடு தரும்.

முந்தைய குளிர்காலத்தில் காலன் மூன்றரை டாலர் வீதம் 600 காலன் எரித்திருந்தோம். அதில் 360 காலனை ஸ்டவ் மிச்சம் பிடித்தாலும், எண்ணெய்க் காசு 1,260 டாலர்; அதற்கு ஈடான மூன்று டன் பெல்லட் 1,140 டாலர். ஆக மிச்சம் வருஷத்துக்கு 120 டாலர்தான்! போட்ட பணம் திரும்ப 45 வருஷத்துக்கு மேல் ஆகும். எண்ணெய் மறுபடி 5 டாலருக்கு ஏறினால் எட்டு வருஷத்தில் ஈடுகட்டும் என்பதும் உண்மைதான்.

இன்னொரு யோசனையும் இருந்தது. 2008 டிசம்பரில் உறைமழை பெய்து, இந்த மாநிலத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போயிற்று. அப்போது மூத்தவள் பத்து மாசக் குழந்தை. கரண்ட் இல்லாமல் கொதிகலன் ஓடாது. நாலு நாள் ஒரு சிநேகிதி வீட்டு விறகு அடுப்பின் முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெல்லட் ஸ்டவ்வுக்கும் மோட்டாரும் விசிறியும் உண்டே! கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். விறகு அடுப்பு நிற்காது. ஆனால் சின்னவளுக்கு இளைப்பு உண்டு. புகை ஆகவே ஆகாது.

பிளம்பர் வேறு ஒன்று சொன்னார். ஹாலில் ஸ்டவ் எரிந்தால் அங்கேயுள்ள தெர்மோஸ்டாட் 'சூடு போதும்' என்று கொதிகலனை நிறுத்திவிடும். அப்போது வடக்குப் பக்கத்துக் குழாய்களில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கலாமாம்.

ஊதுபத்தி காட்டிய வழி

இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோதே மாமியார் வந்துவிட்டார். ஒரு சாயங்காலம் விளக்கேற்றி, ஊதுபத்தியை ஜன்னலோரம் வைத்தவர், "ஏம்மா, ஜன்னல் சாத்தித்தானே இருக்கு? புகை ஏன் இப்படிச் சாயுது?" என்று கேட்டார்.

அவ்வளவுதான்! அத்தையும் நானும் ஊதுபத்தியும் கையுமாக வீடு முழுக்கச் சுற்றினோம். வாசல் கதவின் அடியில், பரணுக்கு ஏறும் மூடியைச் சுற்றி, நிலவறைச் சுவரின் மேல் விளிம்பில், எங்கெல்லாம் புகை வளைந்ததோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறி போட்டேன். மொத்தம் பதினேழு இடம்.

"ஓட்டைப் பானைக்கு எவ்வளவு தண்ணி ஊத்தினாத்தான் என்ன? முதல்ல ஓட்டையை அடைங்கப்பா" என்றார் அத்தை. இவர் வாயைத் திறக்கவில்லை.

இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினோம். பழைய செய்தித்தாளிலிருந்து செய்த காகிதப் பஞ்சைப் பரணில் ஒன்றரை அடி உயரத்துக்கு நிரப்பச் சொன்னோம். இதற்கெல்லாம் 1,600 டாலர் ஆயிற்று. கொதிகலனை ஓட்டும் அளவுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர், 900 டாலர். எலெக்ட்ரீஷியனை வைத்து முறையாக இணைப்புக் கொடுத்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் 480 காலன் எண்ணெய்தான் செலவானது. அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அத்தை இரவில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் படுத்தார். இவரும் அந்தக் கடை வழியே போகும்போதெல்லாம் காரை மெதுவாக்குவார்! எண்ணெய் விலை ஏறினால் நோட்டை மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

வாங்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை

* 18 கிலோ மூட்டையை யார் தூக்குவது, எங்கே நனையாமல் வைப்பது என்று முதலில் யோசியுங்கள். ஈரம் பட்டால் பெல்லட் உப்பி மீண்டும் மரத்தூளாகிவிடும்.

* கண்ணாடிக் கதவு கையைப் பொசுக்கும். தவழும் குழந்தை இருந்தால் சுற்றிலும் கம்பித் தடுப்பு அவசியம்.

* சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வையுங்கள். அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

* எதை எரித்தாலும், கார்பன் மோனாக்சைடைக் கண்டு மணியடிக்கும் கருவி படுக்கையறைப் பக்கம் இருக்கட்டும். ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள்.

* ஊட்டி, கொடைக்கானல் வாசகிகளே, கரி நெருப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

அடுப்பு வாங்குவது அப்புறம் இருக்கட்டும். இன்று சாயங்காலம் ஓர் ஊதுபத்தியை ஏற்றிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்களேன்!