சிலையான குறவன் - குறத்தியும் சிலையில்லாத ஏலத்தோட்டப் பெண்களும்

புது தில்லி: தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் வந்திறங்குவோரை முதலில் எதிர்கொள்பவை, செப்புத் தட்டுகள் பதித்த சுவரிலிருந்து நீண்டு நிற்கும் அபிநய முத்திரைக் கைகள். 2010-இல் அம்முனையம் திறக்கப்பட்ட பின்னர், விமான நிலையங்களைக் கலைக்கூடமாக்கும் ஆர்வம் நாடெங்கும் பரவியது. மும்பையில் 2014-இல் இரண்டாவது முனையத்துக்குள் ராஜீவ் சேத்தியின் பொறுப்பில் ஓர் அருங்காட்சியகமே உருவானது. பெங்களூர் விமான நிலைய வளாகத்தில் 108 அடி உயரக் கெம்பே கவுடா சிலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2022 நவம்பரில் திறந்துவைத்தார்.

பயணியர் விமான நிலையமோ ரயில் பாதையோ இல்லாத இடுக்கி மாவட்டத்துக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. அங்கே சாலையோரம்தான் கலைக்கூடம். பயணச்சீட்டு இல்லாதவரும் நின்று பார்க்கலாம்.

அம்மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ராமக்கல்மேட்டில் குறவன் - குறத்தி சிலை நிற்கிறது. சிற்பி சி.பி. ஜினன் 2005-இல் அமைத்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிகிறது. மேலே காற்று ஆளையே தள்ளும். குறவஞ்சி படித்த தமிழருக்கு இந்த இணையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சிலை குறிப்பது இலக்கியத்தை அன்று. இடுக்கி அணையைத் தாங்கி நிற்கும் குறவன், குறத்தி என்ற இரு மலைகளை. அம்மலைகளுக்கு இடையே 555 அடி உயரத்தில் எழுந்த வளைவு அணையை 1976 பிப்ரவரி 12-இல் தொடங்கிவைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. அந்த இடுக்கை வெளியாருக்கு வழிகாட்டிக் காண்பித்தவராகச் சொல்லப்படும் பழங்குடித் தலைவர் கொலும்பனுக்கும் அணையின் அருகே சிலை உண்டு. மலையின் மக்களைச் சிலையாக்கிப் போற்றுவதில் கேரளம் சளைத்ததில்லை. அவர்களுக்கு நிலத்தில் உரிமை தருவதில் அதே வேகம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

சாலையோரக் கலைக்குக் காவல் இல்லை என்பதும் உண்மை. பாலக்காட்டை அடுத்த மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் வடித்த யட்சி, ஆடையற்ற உருவம் என்பதற்காகவே எதிர்ப்பைச் சந்தித்தது; இன்று மலம்புழையின் அடையாளமே அதுதான். திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் கடற்கரையில் அவர் படைத்த சாகரகன்னிகையின் அருகே 2020-இல் ஒரு ஹெலிகாப்டரைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். தம் படைப்புகள் சிதைக்கப்பட்டதாகக் கூறிய அவர், 2022-இல் கேரள ஸ்ரீ விருதை ஏற்க மறுத்தார்.

கானாயி பயின்றது சென்னை ஓவியக் கல்லூரியில். அக்கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்ததுதான் மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை. பாறையைப் பெயர்க்கும் நால்வருக்குப் பெயர் இல்லை. அரசரும் இல்லை, தெய்வமும் இல்லை. அப்படியொரு சிலைக்கு உடும்பஞ்சோலையைவிடப் பொருத்தமான மண் கிடைக்குமா?

1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது இந்த மலைகள் கேரளத்தோடு நின்றன. உழைப்பு மட்டும் எல்லை பார்க்கவில்லை. தேனி மாவட்டத்திலிருந்து பெண்கள் விடிவதற்குள் தூக்குவாளியுடன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். செடியின் அடியில் குனிந்து காய் எடுப்பது அவர்கள் கைகள். அந்தக் காய் போடியிலும் புற்றடியிலும் ஏலம் போகிறது. 2015-இல் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோதுதான் தில்லிக்கே இம்மலைத் தொழிலாளர்களின் முகம் தெரிந்தது. ஏலத்தோட்டப் பெண்களுக்கு அந்தக் கவனமும் கிடைத்ததில்லை. சிலை பிறகு வரட்டும். முதலில் பாரம் மிகுந்த அந்த ஜீப்புகளுக்கு மாற்றாக, இரு மாநிலங்களும் பேசி, வேலை நேரத்துக்கு ஏற்ற பேருந்துகளை விடலாம்.

ராமக்கல்மேட்டின் விளிம்பில் நின்றால் கோம்பையும் தேவாரமும் கீழே தெரிகின்றன. சுற்றுலாப் பயணிகள் சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மாலை வேளையில்தான் ஜீப்புகளும் மலையிறங்குகின்றன.