மலிவு போனுக்குள் ஒரு ஷாங்காய் சிப்

2011 அக்டோபரில் டெல்லியில் அறிமுகமான இந்திய அரசின் மலிவு டேப்லெட்டான முதல் ஆகாஷில் 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர்தான் இருந்தது. திரையை விரலால் அழுத்தினால்தான் நகரும். அடுத்த ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2 விலையில் பெரிதாக ஏறவில்லை. அரசு ஒன்றுக்குக் கொடுத்தது 2,263 ரூபாய். ஆனால் வேகம் 1 கிகாஹெர்ட்ஸ். ரேம் இரு மடங்கு. லேசாகத் தொட்டாலே திரை நகர்ந்தது. ஒரே ஆண்டில் இந்த மாற்றம் வந்ததற்கு முக்கியக் காரணம் ஏ13 என்ற சிப். அதை வடிவமைத்த ஆல்வின்னர், தென் சீனத்தின் ஜூஹாய் நகரில் 2007-இல் தொடங்கப்பட்ட நிறுவனம்.

ஆல்வின்னரும் ஃபூஜோ நகரத்து ராக்சிப்பும் அந்த ஆண்டுகளில் உலகமெங்கும் ஏழு அங்குல டேப்லெட்டுகள் குவியக் காரணமாயின. இந்த நிறுவனங்கள் வெறும் சிப்பை மட்டும் விற்கவில்லை. சர்க்யூட் போர்டின் வரைபடம், ஆண்ட்ராய்டு மென்பொருள், எந்தத் திரை பொருந்தும், எந்த கேமரா பொருந்தும் என்ற பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தன. சொந்தமாகப் பொறியாளர் படை இல்லாத ஒரு சிறு தொழிற்சாலைகூட அதை வைத்துச் சில மாதங்களில் புதிய மாடலைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது. இந்த வழியை முதலில் போட்டுக் காட்டியது தைவானின் மீடியாடெக். அதன் சிப்பை நம்பித்தான் ஷென்ஜென் நகரத்துச் சிறு உற்பத்தியாளர்கள் முந்தைய பத்தாண்டில் பட்டன் போன்களைச் செய்து குவித்தார்கள். சீன நிறுவனங்கள் அதே பாதையில் இன்னும் கீழான விலைக்கு இறங்கின.

போன்களில் அந்த இடத்தைப் பிடித்தது ஸ்ப்ரெட்டிரம். அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்துத் திரும்பிய பொறியாளர்கள் 2001-இல் ஷாங்காயில் தொடங்கியது. 2007-இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. சீனா தனக்கென்று தனி 3ஜி தொழில்நுட்பம் ஒன்றை வைத்துக்கொண்டு, 2009-இல் அதற்கான உரிமத்தைச் சைனா மொபைலுக்குக் கொடுத்தபோது, அந்த நெட்வொர்க்குக்கான சிப் செய்யத் தெரிந்த நிறுவனங்கள் மிகச் சிலவே. ஸ்ப்ரெட்டிரம் அவற்றில் ஒன்று. உள்நாட்டுச் சந்தை அதற்கு அப்படித்தான் திறந்தது. பின்னர் சீனாவின் சிங்ஹுவா யூனிகுரூப் என்ற குழுமம் அதை வாங்கியது. 2014-இல் இன்டெல் 150 கோடி டாலர் போட்டு, அந்தக் குழுமத்தின் சிப் தொழிலில் 20 சதவீதப் பங்கு எடுக்க ஒப்புக்கொண்டது. 2018-இல் ஸ்ப்ரெட்டிரத்தின் பெயர் யூனிசாக் ஆனது.

இந்தியர்கள் இந்தப் பெயரை அறியாமலே இந்தச் சிப்பை வாங்கியிருக்கிறார்கள். 2013-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஸ்டார் ஓர் உதாரணம். அடுத்த ஆண்டு பார்சிலோனா மொபைல் கண்காட்சியில் ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவும் ஸ்ப்ரெட்டிரமும் 25 டாலர் ஸ்மார்ட்போன் என்று அறிவித்தன. மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தோடு ஆகஸ்டில் அது இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற பெயரில் 1,999 ரூபாய்க்குக் கடைக்கு வந்தது. 128 எம்பி ரேம், 3ஜி கிடையாது. வாங்கியவருக்கு அது அதிகம் பயன்பட்டிருக்காது. ஆனால் அந்த முயற்சி வீணாகவும் போகவில்லை. மொசில்லா கைவிட்ட ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்திலிருந்து கிளைத்த காய்ஓஎஸ்ஸுடன் 2017-இல் ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் முன்பணத்துக்கு 4ஜி. அதன் ஒரு வகைக்குள் இருந்தது குவால்காம் சிப். இன்னொரு வகைக்குள் ஸ்ப்ரெட்டிரம். பட்டன் போனிலிருந்து நேராக யூடியூபுக்கு வந்த ஒரு பெருங்கூட்டத்தின் முதல் இணையக் கருவி அது.

யூனிசாக்குக்கு உண்மையான திருப்பம் 2020-க்குப் பிறகு. உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு. குவால்காமும் மீடியாடெக்கும் லாபம் கூடுதலான 5ஜி சிப்களுக்கு முன்னுரிமை கொடுத்தன. மலிவான 4ஜி போன் செய்கிறவர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். ரியல்மீ சி21ஒய்-யில் டி610, கேலக்ஸி ஏ03-இல் டி606, கேலக்ஸி டேப் ஏ8-இல் டி618 என்று பெரிய நிறுவனங்களின் பெட்டிகளுக்குள் யூனிசாக் புகுந்தது. மோட்டோரோலா, நோக்கியா பெயரிலும் வந்தது. உலக ஸ்மார்ட்போன் சிப் விற்பனையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தொட்டது.

இவற்றைச் சீனச் சிப் என்று சொல்வது பாதி உண்மைதான். வடிவமைப்பும் விற்பனையும் ஷாங்காயில். ஆனால் உள்ளே கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்திடம் உரிமம் பெற்றவை. டி610 போன்றவற்றை அச்சிடுவதோ தைவானின் டிஎஸ்எம்சி ஆலை. 28 நானோமீட்டர், 12 நானோமீட்டர் என்ற பழைய வரிசைகளில்தான் இவை பெரும்பாலும் தயாராகின்றன. அங்கே இயந்திரங்களுக்குப் போட்ட முதல் ஏற்கெனவே திரும்பிவிட்டது, பழுதாகும் சிப்களும் குறைவு, புதிய சிப்புக்கான அச்சுத் தகடுகளுக்கு ஆகும் செலவும் குறைவு. மோடம், கிராபிக்ஸ், கேமரா கட்டுப்பாடு எல்லாம் ஒரே சில்லில் அடங்குகின்றன. விலை இறங்குவது இப்படித்தான். சொந்த நாட்டு ஆலையிலேயே 7 நானோமீட்டர் சிப் செய்து 2023-இல் மேட் 60 ப்ரோவை ஹுவாவே வெளியிட்டது வேறு களம். அது விலை உயர்ந்த போன்.

மலிவுக்கு வாடிக்கையாளர் என்ன கொடுக்கிறார்? முதலில் வேகம். பெட்டியில் ‘ஆக்டா கோர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். யூனிசாக்கின் எஸ்சி9863ஏ சிப்பில் எட்டு கோர்களும் ஏ55 என்ற சிறிய ரகம். டி606-இலும் எட்டுதான், ஆனால் அதில் இரண்டு, ஏ75 என்ற வலுவான ரகம். ஆப் திறக்கும்போதும் திரையைத் தள்ளும்போதும் பெரும்பாலும் ஓரிரு கோர்களே பாரத்தைச் சுமக்கின்றன. அதனால் ஒரே ‘ஆக்டா கோர்’ முத்திரையுள்ள இரண்டு போன்களில் ஒன்று ஓடும், மற்றது தடுமாறும். இந்த வித்தியாசத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. சொல்ல வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விலை பாதுகாப்பு. ஆல்வின்னர் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலில், ‘ரூட்மைடிவைஸ்’ என்ற ஒரே சொல்லை ஒரு கோப்பில் எழுதினால் எந்த ஆப்புக்கும் கருவியின் முழு அதிகாரம் கிடைத்துவிடும் என்பது 2016-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சோதனைக்காக வைத்ததை நீக்காமலே அனுப்பிவிட்டார்கள். 2022-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான செக் பாயிண்டின் ஆய்வாளர்கள் யூனிசாக் மோடத்தில் ஒரு கடுமையான ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். தீங்கான ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பி போனின் தொடர்பையே முடக்க அதனால் முடியும். யூனிசாக் திருத்தம் தந்தது. குவால்காம் சிப்களிலும் ஓட்டைகள் உண்டு. வேறுபாடு, திருத்தம் வந்த பிறகு அது பயனாளரின் போனுக்கு வந்து சேருகிறதா என்பதில்தான். மலிவு மாடல்களுக்கு அந்த அப்டேட்டைச் செய்து அனுப்பும் செலவைப் போன் நிறுவனங்கள் பல ஏற்பதில்லை. ஓரிரு ஆண்டுகளில் கைகழுவிவிடுகின்றன. இன்று அதே போன்களில் வங்கிக் கணக்கும் யுபிஐயும் இருக்கின்றன.

ஆகவே சிப் சீனத்தது என்பதற்காக ஒரு போனை ஒதுக்க வேண்டியதில்லை. இவை இல்லையென்றால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இணையம் இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும். வாங்கும்முன் இரண்டு கேள்விகளைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: சிப்பின் பெயரும் எண்ணும் என்ன, எந்த ஆண்டுவரை பாதுகாப்பு அப்டேட் வரும்? கையில் இருக்கும் போனின் செட்டிங்ஸில் ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்’ என்ற வரியில் உள்ள தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால், அந்தப் போனில் வங்கி ஆப்பை வைத்திருக்க வேண்டாம்.