கூலியா, கொடையா?

பெரட்டுக்கு நேரங்கழித்து வந்தவருக்கு முழுநாள் கூலி தரும் தோட்டம் எங்கேனும் உண்டா? மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையில் உண்டு. அது திராட்சைத் தோட்டம். விடியலில் இறங்கியவருக்கும் மாலை 5 மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி, ஒரு வெள்ளிக்காசு. நாளெல்லாம் வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நாமாக இருந்தால் சும்மா இருப்போமா? பேசிய கூலியில் குறைவில்லையே என்றார் முதலாளி.

பரலோகமும் இப்படித்தான் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. அது உழைத்துச் சேர்க்கும் சம்பளமன்று. இயேசுவின் மேல் வைக்கும் விசுவாசத்தால் பெறும் கொடை. அவரோடு சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கு நல்லது செய்ய இனி நாள் ஏது? கடைசி வேளையில் நம்பினான். அன்றே பரதீசு என்ற வாக்கைப் பெற்றான்.

அப்படியானால் நற்செயல் எதற்கு? 16-ஆம் நூற்றாண்டில் விசுவாசம் மட்டுமே போதும் என்றார் மார்ட்டின் லூத்தர். ரோமச் சபையோ செயலும் வேண்டும் என்றது. ஒரே லயத்தில் குடியிருந்தும் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் வெவ்வேறு கோயிலுக்குப் போவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு இறையருளால் வருவது, நற்செயல் அதன் கனி என்று ஒப்புக்கொண்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தனர். ஆனாலும் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒரே திருவிருந்தில் இன்னும் சேர்ந்து அமர்வதில்லை.