சமையலறை இலையானும் எருக்குழியும்

கொழும்பில் வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் ஒரு வீட்டிற் பகலுணவுக்கு அமர்ந்தால், விருந்தினருக்கு முன்னரே கோப்பையில் வந்து அமர்வது இலையானாகும். மழைக்காலத்திலும் மாம்பழக் காலத்திலும் இதன் தொல்லை மிகும். மீன் வெட்டிய பலகை, திருவிய தேங்காய்ச் சிரட்டை, தேநீர்ச் சாயம் வடித்த துணி ஆகிய யாவற்றிலும் அது மொய்க்கும். இல்லத்தரசிகள் வேப்பிலைப் புகை இடுகின்றனர். தேசிக்காயிற் கராம்பு குத்தி மேசைமேல் வைக்கின்றனர். நீர் நிரப்பிய பொலித்தீன் பைகளை வாசலிற் தொங்கவிடுகின்றனர். இவற்றுள் எது பயன் தரும், எது தராது என்பதை அறிதல் நகரத்தாருக்கு மட்டுமன்றிக் கமக்காரருக்கும் வேண்டியதேயாம். மாடும் கோழியும் எருக்குவியலும் உள்ள வீட்டில் இலையானுக்குக் குறைவில்லை.

முதலில் அறிய வேண்டியது யாதெனில், சமையலறையிற் பறக்கும் இலையான் பெரும்பாலும் சமையலறையிற் பிறந்ததன்று. பெண் இலையான் ஈரமான சாணம், கோழியெரு, அழுகும் மரக்கறி, மீன்கழிவு ஆகியவற்றில் ஒரு முறைக்கு நூறு முதல் நூற்றைம்பது வரையான முட்டைகளை இடுகின்றது. தன் வாழ்நாளில் இவ்வாறு பல முறை இடும். எமது நாட்டு வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரித்து வெண்புழு வெளிவரும். புழு நான்கைந்து நாள் தின்று கொழுத்தபின், ஈரத்தை விட்டு உலர்ந்த இடத்தை நாடி ஊர்ந்து சென்று, மண்ணிலோ வாளியின் அடியிலோ புகுந்து கபில நிறக் கூட்டுப்புழுவாகின்றது. மேலும் நான்கைந்து நாளிற் சிறகுடன் வெளிவருகின்றது. முட்டை முதல் இலையான் வரை ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்களே செல்லும்.

இக்கணக்கை மனதிற் கொள்ளல் வேண்டும். குப்பையை வாரம் ஒருமுறை அகற்றுவோர், புழு வெளியேறிய பின்னர் வெறுங் குப்பையையே அகற்றுகின்றனர். வாரத்தில் இருமுறை அகற்றினால், புழுவும் குப்பையோடு போய்விடும். வேறெந்த மருந்தும் இவ்வளவு பயன் தருவதில்லை.

இலையானுக்குக் கடிக்கும் பல் இல்லை. திண்மையான உணவை உண்ணும்போது தன் வயிற்று நீரை அதன்மேற் கக்கி, கரைத்து உறிஞ்சும். மலக்குழியில் இருந்த கால்களோடு சோற்றில் அமரும். வயிற்றுப்போக்கு, வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் முதலிய நோய்க்கிருமிகள் இவ்வழியாகவும் பரவும். சிறு குழந்தை உள்ள வீட்டில் இதனைச் சிறு தொல்லையென்று விட்டுவிடலாகாது.

கொழும்பின் குப்பை வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலில் 2009 வரை நகரக் கழிவு மலைபோற் கொட்டப்பட்டு வந்தது. அதன் பின்னர் அக்கழிவு கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஏப்பிரல் 14ஆந் தேதி, புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்து வீடுகளை மூடியதால் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே குவிந்ததிற் பாதிக்கு மேற்பட்டது உணவு, மரக்கறி, இலை ஆகிய உக்கும் கழிவேயாகும். கமக்காரரின் நிலத்திற் பசளையாக இருந்திருக்க வேண்டிய பொருள் நகரத்தில் மலையாகியும் இலையானாகியும் வீணாயிற்று.

இனி வீட்டு வைத்தியங்களை நோக்குவோம். நீர் நிரப்பிய பை இலையானை ஓட்டுமென்பதற்குத் தக்க சான்றில்லை. கராம்பு குத்திய தேசிக்காய் ஒரு சாண் தூரத்திற்கு மேற் பயன்படுவதில்லை. ஒரு தட்டைக் காக்கும், அறையைக் காவாது. வேப்பிலைப் புகை இருக்கும் வரையில் இலையான் விலகும், புகை அடங்கியதும் மீளும். வெள்ளவத்தை மாடிவீடுகளின் சிறிய சமையலறைகளில் அப்புகை இலையானைவிடக் குழந்தையின் மூச்சுக்கே கேடு செய்யும். எமது நாட்டிலேயே வடிக்கப்படும் சிட்ரோனெல்லா எண்ணெயிற் சில துளிகளை ஒரு வாளி நீரிற் கலந்து மேசையையும் தரையையும் துடைப்பது நன்று. எனினும் சிறிது நேரமே அதன் மணம் நிற்கும். மின்விசிறியின் காற்றில் இலையான் நிலையாக அமர மாட்டாது. உணவை வலைமூடியால் மூடுதல் இவை யாவற்றிலும் எளிதும் உறுதியுமாகும்.

வாழைக்குலையைச் சுற்றிப் பறக்கும் சிறு பழ ஈ வேறினம். அதற்கு ஒரு கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டி தென்னங்கள் வினாகிரியும் ஒரு துளி சவர்க்கார நீரும் இட்டு வைத்தல் போதும். வினாகிரி மணத்துக்கு வருவது நீரின்மேல் நிற்க மாட்டாமல் அமிழ்ந்துவிடும். பெரிய இலையானுக்கோ இது போதாது. வெறுமையான பிளாத்திக்குப் போத்தலின் மேற்பாகத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே பொருத்தி, அடியில் மீன்குடலும் சவர்க்கார நீரும் இட்டால், உட்புகுந்தது வெளியேற வழியறியாது. இப்பொறி இலையானைத் தன்பால் அழைப்பதாதலின், சமையலறையிலிருந்து இருபதடிக்கு அப்பால் வளவில் வைத்து, நான்கு நாளுக்கு ஒருமுறை புதைத்து மாற்றல் வேண்டும். வளவில்லாத மாடிவீட்டார் இதனை வைத்தல் தகாது.

இரண்டாம் உலகப் போரின்பின் டி.டி.ரி. தெளித்தால் இலையான் அடியோடு ஒழியுமென உலகம் நம்பியது. 1946, 1947ஆம் ஆண்டுகளிலேயே சுவீடனிலும் இத்தாலியிலும் அம்மருந்துக்குச் சாகாத இலையான்கள் தோன்றிவிட்டன. பயிருக்கு வாங்கிய பூச்சிநாசினியைச் சமையலறையிற் தெளிப்பதோ பெருங்கேடு.

மாடிவீட்டில் இருப்போர், அடியில் துளையிட்ட மண்பானையிற் தும்புத்தூளை இரண்டங்குலம் பரப்பி, மரக்கறிக் கழிவை நாள்தோறும் இட்டு, ஒவ்வொரு முறையும் மேலே ஒரு பிடி தும்புத்தூளோ உலர்ந்த சருகோ தூவி மூடல் வேண்டும். ஈரம் வெளியே தெரியாவிடின் இலையான் முட்டையிடாது. மீன்கழிவைப் பானையில் இடாது, பழைய பத்திரிகைத்தாளிற் சுற்றி, இறுக மூடிய வாளியில் வைத்துக் குப்பை வண்டி வரும் நாளிற் கொடுத்துவிடல் வேண்டும். சொப்பிங் பையிற் கட்டி வாசலில் வைத்தால், காகமும் நாயும் கிழித்துத் தெருவிற் பரப்பிவிடும்.

கமக்காரர் வீட்டில் முக்கியமானது எருக்குவியலே. சாணத்தை ஆங்காங்கே போடாமல், நாலடி அகலமும் மூன்றடி உயரமுமாக இறுக்கி அடுக்கி, மேலே வைக்கோலால் மூடுக. உள்ளே எழும் வெப்பத்தைப் புழு தாங்காது; குளிர்ந்த ஓரங்களுக்கே வரும். ஆதலின் வாரந்தோறும் வெளிப்புறத்து அரையடி எருவை வெட்டி நடுவிலே போடல் வேண்டும். குவியலைச் சுற்றி ஒரு சாண் அகலமான சீமெந்து வாய்க்கால் அமைத்துச் சிறிது நீர் விட்டால், உலர்ந்த மண்ணைத் தேடி ஊர்ந்துவரும் புழுக்கள் அதில் வீழ்ந்து மாளும். அவற்றைக் கோழிகள் விரும்பி உண்ணும். நுளம்பு பெருகாதிருக்க, அந்நீரை வாரந்தோறும் இறைத்துவிடுதல் அவசியம்.

மரக்கறித் தோட்டங்களுக்குக் கொண்டுவரும் பச்சைக் கோழியெரு இலையான் பிறப்பதற்கு மிகச் சிறந்த இடமாகும். அதனை நேரே பாத்தியில் இடுவதால் வேர் கருகுவதும் உண்டு. வெயிலில் மெல்லிதாகப் பரப்பி உலர்த்துக. அல்லது உமியும் சருகும் கலந்து கூட்டெருவாக உக்கவிட்டு, வெப்பம் தணிந்து மண்மணம் வந்தபின் பாத்திக்கு இடுக. கொழும்புச் சந்தைக்குக் கோவாவும் லீக்சும் அனுப்புவோர், அழுகிய வெளியிலைகளைத் தோட்டத்திலேயே களைந்து இக்குவியலிற் சேர்த்தல் நன்று. மூட்டையின் பாரம் குறையும். அவ்விலைகள் கொட்டாஞ்சேனைத் தெருவில் அழுகாமல், அடுத்த போகத்திற்குப் பசளையாகத் தோட்டத்திலேயே தங்கும்.