திரையில் வந்த சாட்சியம்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்து, கையில் மிஞ்சியிருந்த பணத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, 1950-இல் சமாதியடையும் வரை இம்மலையை விட்டு அகலாமல் ஒரு கௌபீனத்தோடு வாழ்ந்த ரமண மகரிஷியையும், வீதிகளில் பித்தரைப்போல் திரிந்த சேஷாத்திரி சுவாமிகளையும் கண்ணாரக் கண்ட ஊர் என்பதால், காவியுடை தரித்து யார் வந்தாலும் முதலில் கைகூப்புவதே இவ்வூரின் சுபாவமாகிவிட்டது. அந்த மரியாதை மெய்யான துறவிகள் ஈட்டி வைத்த மூலதனம். அதை எடுத்துச் செலவழிப்பவர்கள் எல்லாரும் அவர்களுடைய வாரிசுகள் அல்லர்.

இதே ஊரில் 1978-இல் பிறந்த ராஜசேகரன் என்னும் இளைஞர், நித்தியானந்தா என்ற பெயருடன் பெங்களூருக்கு அருகே பிடதியில் ஆசிரமம் நிறுவி, பல தேசங்களில் பக்தர்களையும் பெருஞ்செல்வத்தையும் சேர்த்த வரலாற்றையும், அவர்மீது முன்னாள் சீடர்கள் சுமத்தும் குற்றச்சாட்டுகளையும், 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிஸ்கவரி பிளஸ் தளத்தில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘மை டாட்டர் ஜாயின்ட் எ கல்ட்’ என்ற ஆவணத்தொடர் எடுத்துக் காட்டுகிறது. அவருடைய கீர்த்தியைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது ‘குமுதம்’ பத்திரிகையில் வந்த ‘கதவைத் திற, காற்று வரட்டும்’ என்ற தொடரே என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் மறந்துவிடலாகாது.

வழக்கின் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2010 மார்ச்சில் தொலைக்காட்சியில் ஒரு காணொளி வெளியானதைத் தொடர்ந்து எழுந்த புகார்களின்பேரில் ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்தில் கைதான அவர், ஜூனில் ஜாமீனில் வந்தார். காணொளி பொய்யாகப் புனையப்பட்டது என்றும், குற்றச்சாட்டுகள் யாவும் சதி என்றும் மறுத்தார். 2012-இல் மதுரை ஆதீனத்தின் 293-ஆவது பட்டத்துக்கு அறிவிக்கப்பட்டுச் சில மாதங்களிலேயே நீக்கப்பட்டார். ராமநகர நீதிமன்றத்தில் பாலியல் வன்கொடுமை வழக்கின் விசாரணை 2018-இல்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு அகமதாபாத் ஆசிரமத்தில் குழந்தைகளை அடைத்து வைத்ததாக வழக்கு எழுந்தபோது அவர் இந்தியாவை விட்டு வெளியேறியிருந்தார். கர்நாடக உயர்நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ஜாமீனை ரத்து செய்தது. அவரோ ‘கைலாசா’ என்று ஒரு தேசத்தையே பிரகடனம் செய்துகொண்டார். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் இன்றும் குற்றம் சாட்டப்பட்டவரே. ஆவணத்தொடர் எவ்வளவு மனத்தை உருக்கினாலும் அது தீர்ப்பாகாது.

தீர்ப்பு வராத இடத்தில் ஆவணப்படம் முளைப்பது நம் தேசத்துக்கு மட்டும் உரிய விஷயமன்று. அமெரிக்கக் கோடீசுவரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் சிறுமியரைச் சீரழித்த குற்றத்துக்காக 2007-இல் அரசு வழக்கறிஞர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் ஏறத்தாழ பதின்மூன்று மாதச் சிறையோடு தப்பினார். அவ்வுடன்படிக்கை பாதிக்கப்பட்ட பெண்களுக்கே தெரிவிக்கப்படவில்லை. 2019 ஜூலையில் மீண்டும் கைதாகி, ஆகஸ்டில் நியூயார்க் சிறையிலேயே அவர் மாண்டுபோனதால் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதை, அப்பெண்கள் 2020-இல் நெட்பிளிக்ஸ் தொடரில் சொன்னார்கள்.

ஆனால் செல்வாக்கு எப்போதும் வென்றே தீரும் என்று எண்ணிச் சோர்ந்துபோவதற்கு முன், புதுக்கோட்டையில் நடந்ததை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கை மாத்தளையில் ஆசிரமம் நடத்தி, 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்து, விராலிமலைக்கு அருகே பெரிய ஆசிரமம் அமைத்து, விபூதியும் லிங்கமும் வரவழைத்துக் காட்டி வெளிநாட்டுப் பக்தர்களையும் ஈர்த்த பிரேமானந்தாவின் நிழலில், போரினால் வீடிழந்த ஈழத்துச் சிறுமியர் பலர் வளர்ந்தார்கள். தாயுமில்லை, தந்தையுமில்லை, திரும்பிப் போக ஊருமில்லை என்ற நிலையில் இருந்த அப்பெண்களில் சிலர் 1994-இல் தப்பி வந்து உண்மையைச் சொன்னபோது, அவர்கள் பக்கம் இருந்தது அவர்களுடைய வாய்ச்சொல் ஒன்றே. எதிர்த் தரப்பிலோ பணமும், புகழும், ராம் ஜெத்மலானி போன்ற வழக்கறிஞரும் இருந்தார்கள். ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவின் மரபணுச் சோதனை, தந்தை யார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டியது. 1997 ஆகஸ்டில் அமர்வு நீதிபதி ஆர். பானுமதி, பதின்மூன்று பெண்களைச் சீரழித்ததற்காகவும், ஆசிரமவாசி ஒருவரின் கொலைக்காகவும் இரட்டை ஆயுள் தண்டனையும், 67 இலட்சம் ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தார். உயர்நீதிமன்றமும், 2005-இல் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தன. பிரேமானந்தா 2011-இல் கைதியாகவே இறந்தார். அந்நீதிபதி பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியானார். நாதியற்ற சிறுமியர் கைது முதல் தண்டனை வரை மூன்றே ஆண்டுகளில் பெற்ற இந்நியாயத்தைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல ஆவணத்தொடர் இதுவரை பிரசித்தி பெறவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

இங்கே வாசகர்கள் அறிய வேண்டிய சட்ட விஷயங்கள் சில உண்டு. நம்பத்தக்கதாயின் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. நித்தியானந்தா ஆசிரமத்தில் தொண்டர்களிடம் கையெழுத்து வாங்கியதாக 2010-இல் வெளிவந்த இரகசியக் காப்பு ஒப்பந்தம் போன்ற பத்திரங்களைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். சட்டவிரோதமான நோக்கமுடைய ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது, குற்றத்தைப் பொலீசாரிடம் சொல்ல விடாமல் எந்தக் காகிதமும் ஒருவர் வாயைக் கட்ட முடியாது. அச்சத்தாலோ, தப்பெண்ணத்தாலோ கொடுத்த சம்மதமும் சம்மதமாகாது. ஆசிரியர், காப்பாளர், நம்பிக்கைக்குரிய ஸ்தானத்தில் இருப்பவர் ஆகியோர் செய்யும் பாலியல் வன்கொடுமைக்கு 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது பத்தாண்டுச் சிறை. ‘குரு’ என்ற ஸ்தானம் இதற்கு விலக்கன்று.

குற்றம் சாட்டப்பட்டவர் ஓடிப்போனால் வழக்கும் ஓடிப்போகுமோ என்ற ஐயம் நியாயமானதே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரகடனம் செய்யப்பட்ட தலைமறைவுக் குற்றவாளியை அவர் இல்லாமலேயே விசாரித்துத் தீர்ப்பளிக்க இடம் தருகிறது; எனினும் அதற்கு முன்பே தொடங்கிய விசாரணைகள் பழைய சட்டப்படியே நடக்கும். பழைய சட்டத்திலும், குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவாக இருக்கும்போதே சாட்சியங்களைப் பதிவு செய்து வைக்கலாம் என்ற ஏற்பாடு உண்டு. சாட்சிகள் முதுமை எய்தி நினைவு மங்குவதற்கு முன் அந்த ஏற்பாட்டைத் தாமதமின்றிப் பயன்படுத்த வேண்டியது அரசுத் தரப்பின் கடமை.

கிரிவலப் பாதையில் ஆசிரமங்கள் நிறைந்திருக்கும் இவ்வூரின் தாய்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். அநாதைக் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும் தங்கவைக்கும் ஸ்தாபனம் எதுவாயினும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவைப் பார்த்த பின்பே பிள்ளையை ஒப்படையுங்கள். குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அழைக்கக் கட்டணம் இல்லை.