மணல் வளவுக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள்

கல்முனைக் கரையில் கச்சான் காற்று எழும்பிவிட்டால், காலையில் தண்ணீர் குடித்த கத்தரி மத்தியானமே வாடிவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கேயிருந்து வரும் இந்தக் காற்று, மலைக்கு அப்பாலே மழையை இறக்கிவிட்டுக் காய்ந்து சூடாகி வருகிறது. எங்கள் மழையோ ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மேற்கே உள்ள வயல்களுக்குச் சேனாநாயக்க சமுத்திர நீர்த்தேக்கம் இருக்கிறது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வளவுகளில் காய்கறி வைக்கும் எங்களுக்குக் கிணறுதான் கதி.

"எவ்வளவு ஊற்றினாலும் பத்துதில்ல" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். என் மாமியின் பதில் ஒன்றுதான்: "மண்ணுக்குப் பிடிக்கத் தெரியாது புள்ள. கொஞ்சங் கொஞ்சமா ஊத்து."

அவர் சொன்னது கணக்கிலும் சரி. ஒரு மீற்றர் ஆழ மணல், செடிக்கு உதவும் நீரில் 25 முதல் 100 மில்லிமீற்றர் வரைதான் பிடித்து வைக்கும். களிமண் 175 முதல் 250 வரை பிடிக்கும். வறண்ட காற்றில் பாத்தி நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் இழக்கிறது. அதாவது சதுர மீற்றருக்கு 5, 6 லீற்றர். ஒரு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் நீளமான பாத்திக்குக் காலையில் ஒரு பூவாளி, மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு பூவாளி போதும். மோட்டரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால், மிச்சத் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கிவிடும்.

பசளையும் அதே வழியில்தான் போகிறது. யூரியாவில் 46 வீதம் நைதரசன். அது மண்ணில் நைத்திரேற்றாக மாறியதும் மணலில் ஒட்டாது. தண்ணீரோடு சேர்ந்து கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. அதனால் யூரியாவையும் பொட்டாசியப் பசளையான எம்.ஓ.பி.யையும் சிறு பங்குகளாகப் பிரித்து, ஈர மண்ணில் இட்டு மூட வேண்டும். பொஸ்பரசுப் பசளையான டீ.எஸ்.பி. அவ்வளவாக நகராது, அதை நடும்போதே அடியில் இடலாம்.

மணலுக்குப் பிடிக்கப் பழக்கவும் முடியும். மாமி பாத்தியை ஒரு முழம் தோண்டி, தேங்காய்ப் பொச்சுகளின் உட்புறம் மேலே பார்க்க நெருக்கி அடுக்குவார். அதன்மேல் மக்கிய மாட்டெரு, தும்புச்சோறு, பிறகு மண். நட்ட பின் கிளிசறியா இலையால் மூடிவிடுவார். அந்தப் பாத்தியில் கை வைத்தால் மத்தியான லுஹர் தொழுகை நேரத்திலும் குளிர்ச்சி தெரியும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்து, நவம்பரில் தடையை நீக்கியது. எரு, இரசாயனப் பசளை இரண்டில் ஒன்றை முற்றாகத் தள்ளுவது வழியல்ல. எரு நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். அளவான பசளை குறையை நிரப்பும்.

தண்ணீரை அளந்து ஊற்ற இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் நன்னீர், கடலோரத்தில் உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைச் சுத்தமாக்க அளவுமீறி இறைத்த இடங்களில் உப்பு இன்னும் கூடியது. காய்கறிக்கு இறைக்கும்போதும் அதே ஆபத்துத்தான். ஆகவே அளந்து ஊற்றுங்கள், பிரித்துப் பசளை இடுங்கள், வருடத்தில் ஒருமுறையாவது கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். செடி குடிப்பதும் பிள்ளை குடிப்பதும் ஒரே கிணறுதான்.